தோட்டத்துப் பக்கம் இருந்துகொண்டே காமெடிப் பட இயக்குநர் ஆவது எப்படி

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவிலோ அதைச் சுற்றியுள்ள செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலோ இருந்துகொண்டு 'நான் காமெடிப் படம் எடுக்கப் போகிறேன்' என்று சொன்னால், ஒட்டுக்கடையில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: கேமரா இருக்கா? இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். கேமரா கடைசியில் வாங்க வேண்டிய சாமான், பல இயக்குநர்கள் வாங்கவே வாங்காத சாமான். சண்டைப் படம் எடுத்தால் சண்டையை மாஸ்டர் பார்த்துக்கொள்வார், காதல் படம் என்றால் பாதிச் சுமையைப் பாட்டு தூக்கிவிடும். சிரிப்பை மட்டும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தர மாட்டார்கள், அது தாளில் இருந்தால்தான் திரையில் வரும். அதனால் வழி இப்படித்தான் போகும்: எழுத்து, மேடை, குறும்படம், உதவி இயக்குநர் வேலை, தொலைக்காட்சி, அப்புறம் தியேட்டர். நடுவில் ஒன்றிரண்டைத் தாண்டிக் குதிக்கலாம், எழுத்தைத் தாண்ட முடியாது.

திரைக்கதையை அதற்குரிய வடிவத்தில் எழுதினால் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். ஆக 90 நிமிடப் படத்துக்கு 90 பக்கம். அந்தப் பக்கமே போகாதீர்கள் இப்போது. மூன்று பக்கம் எழுதுங்கள். ஒரே இடம், இரண்டு மூன்று ஆள், ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற சங்கதி. அதில் ஒருவருக்கு ஏதோ ஒன்று ரொம்ப வேண்டும், ஆனால் வேண்டும் என்று வெளியே சொல்ல வெட்கம். கருவுக்கு இவ்வளவு போதும்.

நம் ஊர்க் கதையாகவே ஒன்றை எடுத்துப் பார்ப்போம். முனியாண்டி கோயில் திருவிழா, ஒய்.பி. (மக்கள் பிரதிநிதியை நம் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) வரப்போகிறார், மாலை போடுவது யார் என்பதில் கோயில் தலைவருக்கும் செயலாளருக்கும் போட்டி. இதைக் கொடுத்து எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது 'உன் மூஞ்சிக்கு மாலை ஒரு கேடா', 'உன் தொந்திக்கு மாலையே பத்தாதுடா' என்கிற மாதிரிதான் இருக்கும். சென்னைப் படங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய கவுண்ட்டர். படிக்கும்போது ஒரு சிரிப்பு வரும், அடுத்த வரியில் வற்றிவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்கள், இனி கதை எங்கே போகும்?

அதே காட்சியை இப்படித் திருப்பிப் போடுங்கள். தலைவர், 'எனக்கு வயசாச்சு தம்பி, போட்டோ கீட்டோ எல்லாம் எதுக்கு, நீங்களே போடுங்க' என்கிறார். போட்டிருப்பது புத்தம் புது பாத்தேக் சட்டை, கழுத்துக்குப் பின்னால் விலைச் சீட்டு தொங்குகிறது. செயலாளர், 'ஐயோ தலைவரே, நீங்க இருக்கும்போது நான் போட்டா நல்லாவா இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி ஓர் அடி வைக்கிறார். தலைவரும் ஓர் அடி. 'நீங்க', 'இல்ல, நீங்க' என்று ஒவ்வொரு உபசார வார்த்தைக்கும் ஓர் அடி நகர்ந்து கடைசியில் இருவரும் தோளோடு தோள் வாசலில் நிற்கிறார்கள், இருவர் கையிலும் ஆளுக்கொரு மாலை. வண்டிச் சத்தம் கேட்கிறது, கதவு திறக்கிறது, இரண்டு மாலையும் ஒரே நேரத்தில் விழுகிறது, நாற்காலி இறக்க வந்த லோரி டிரைவர் கழுத்தில். அவர் 'நாற்காலிய எங்கண்ணே அடுக்கணும்?' என்கிறார். இங்கேயே முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள், இன்னொரு படி இருக்கிறது. நிஜ ஒய்.பி. இப்போது வருகிறார், மாலை இல்லை. டிரைவர் கழுத்திலிருந்து கழற்ற வேண்டும். அவரோ அதற்குள் கூடியிருந்த பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுக்கத் தொடங்கிவிட்டார், அவர் பிறந்ததிலிருந்து யாரும் அவருக்கு மாலை போட்டதில்லை. இப்போது மாலை வேண்டியவர்கள் மூன்று பேர்.

இதில் தனியாக எடுத்துச் சொல்லிச் சிரிக்க ஒரு 'ஜோக்' கூடக் கிடையாது, கவனித்தீர்களா? ஆள் சொல்வது ஒன்று, கால் போகிற திசை வேறு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் இந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வரி எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

இயக்குநரின் பங்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 1964-இல் வந்த ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதியது. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் தொடங்கிப் படம் எடுக்கத் துடிக்கும் பிள்ளை, பணம் வைத்திருக்கும் அப்பா, பேய்க் கதை. ஒருமுறை சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் சிரிப்பு வரும். நாகேஷ் சொல்வது பயமுறுத்தும் கதைதான், வசனத்தை எழுதிப் படித்தால் சிரிக்க அதிகம் ஒன்றுமில்லை. சிரிப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில், அவர் நாற்காலியில் ஒடுங்குவதில் இருக்கிறது. பேசுகிறவனைக் காட்டுவதா கேட்கிறவனைக் காட்டுவதா என்று முடிவெடுப்பதுதான் காமெடி இயக்குநரின் தினசரி வேலை. சந்தேகம் வந்தால் கேட்கிறவனைக் காட்டுங்கள், அல்லது இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் வைத்துவிட்டுக் கேமராவை அசைக்காதீர்கள்.

பேச்சு மொழி பற்றி ஒரு விஷயம். நம் ஆட்கள் ஒரே மூச்சில் தமிழ், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் ஹொக்கியன் என்று பேசுவார்கள், அப்படியே எழுதுங்கள். 'தவ்கே சம்பளம் போடல, லோரி ரோசாக், தாபாவ் பண்ணக்கூட காசு இல்ல' என்று (ரோசாக் என்றால் பழுது, தாபாவ் என்றால் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்குவது) பேசுகிற ஆளை 'முதலாளி ஊதியம் தரவில்லை' என்று பேச வைத்தால் அவன் செத்துவிட்டான். அதே நேரம் மதுரைத் தமிழ் பேசுகிற தோட்டத்துப் பையனும் வேண்டாம், உள்ளூர் நாடகங்களில் அந்தக் கொடுமையை நிறையப் பார்த்துவிட்டோம். பெரட்டு, லயம், ஆயாக்கொட்டாய், கிராணி, மண்டோர் என்று பழைய தோட்டத்துச் சொற்களில் வயதானவர்கள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்தால் அனுமதி வாங்கிப் பதிவு செய்து வையுங்கள். சொற்களுக்காக மட்டும் இல்லை, ஒரு பாட்டி கோபத்தை எவ்வளவு மெதுவாக ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்கிற அந்தக் கணக்குக்காக. சீனத் தவ்கே கஞ்சன், வங்காளதேசித் தொழிலாளி ஒன்றும் தெரியாதவன் என்கிற பழைய அச்சைத் திரும்பப் போடாதீர்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது ஏற்கெனவே பார்த்துப் பார்த்து வற்றிப்போன சிரிப்பு. மேலே சொன்ன டிரைவரை எந்த நாட்டுக்காரராக வைத்தாலும் கேலி தலைவர், செயலாளர் மேல்தான் விழுகிறது, அந்தக் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

எழுதியதை மேடையில் போட்டுப் பாருங்கள். நமக்குத் திருவிழா மேடை, தமிழ்ப்பள்ளி ஒன்றுகூடல், கல்யாண விருந்து, பாலாய் ராயா என்கிற ஊர் மண்டபம் என்று ஓர் ஊரில் இருக்க வேண்டியதற்கு மேலேயே மேடை இருக்கிறது. ஐந்து நிமிட நாடகம் கொடுக்கிறேன் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, பேச்சாளர்களுக்கு நடுவில் அவர்களுக்கும் ஒரு மூச்சு வேண்டும். போனை ஓரமாக வைத்துப் பார்வையாளர் பக்கத்துச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்துப் பிரதியில் எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று பேனாவால் குறியுங்கள். இருமிய இடம் எல்லாம் நீளம். நீங்கள் நினைக்காத இடத்தில் சிரித்திருப்பார்கள், அதை நன்றாகக் கவனியுங்கள், உங்களிடம் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

மேடைக்கும் படத்துக்கும் ஒரு வித்தியாசம். மேடையில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருக்கலாம். படம் காத்திருக்காது, அது பாட்டுக்கு ஓடும். அதனால் பெரிய சிரிப்பு வரும் என்று மேடையில் தெரிந்துகொண்ட வரிக்கு அப்புறம், முக்கியமான தகவல் எதையும் வைக்காதீர்கள். ஒரு முகம், ஒரு பார்வை, கதவு சாத்துவது என்று இரண்டு மூன்று விநாடி பேச்சில்லாத ஷாட் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தியேட்டரில் கூட்டம் சிரிப்பதற்கான இடம் அது.

இனி படப்பிடிப்பு. போன் போதும். முதல் செலவு மைக்காக இருக்கட்டும், சட்டையில் குத்துகிற சின்ன மைக் இரண்டு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சிரிப்பார்கள், வார்த்தை காதில் விழாவிட்டால் சிரிக்க மாட்டார்கள். லயத்து வரிசை வீட்டில் எடுக்கப் போனால் தகரக் கூரை, மாலை மழை, சைலன்சர் அறுத்த மோட்டார், பக்கத்து வீட்டுத் தொடர் நாடகம் எல்லாம் சேர்ந்து வரும். மலாய்த் திரையுலகின் நடிகர், இயக்குநர் பி.ரம்லியின் 1961-ஆம் ஆண்டுப் படமான செனிமான் பூஜாங் லப்போக்கில் நடிகராக ஆசைப்படும் மூன்று பேர் வசனம் மனப்பாடம் செய்ய உட்காருவார்கள், அக்கம்பக்கத்துச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து விடவே விடாது. சத்தத்தை ஒழிக்க முடியாத இடத்தில் அதைக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொள்வதும் ஒரு வழிதான்.

தோட்டத்துக்குள் எடுக்க வேண்டுமென்றால் மேனேஜரிடம் கடிதம் வாங்குங்கள், பெரிய நிறுவனத் தோட்டமானால் தலைமையகத்துக்கும் எழுதச் சொல்வார்கள், வாரக்கணக்கில் ஆகும். காவல் சாவடியில் தெரிந்த அண்ணன் இருக்கிறார் என்று நம்பிப் போகாதீர்கள், அன்றைக்கு அவருக்கு லீவு இருக்கும். செம்பனைக்குள் இன்னொரு சிக்கல்: எந்த வரிசையும் ஒரே மாதிரி. நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான், 1917-இல் தொடங்கியது, நூறு வருடத்துக்கு மேலாகியும் உள்ளே வழி தவறாதவர் இல்லை. பார்க்கிறவருக்கும் ஆள் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று புரியாது. ஒரு வாய்க்கால் பாலம், ஒரு எண் பலகை என்று அடையாளம் வைத்து எடுங்கள். மரத்தடியில் பட்டப்பகலிலும் முகத்தில் பாதி இருட்டு விழும், காமெடிக்கு முகம் தெரிய வேண்டும், ஆகவே பேச்சுக் காட்சிகளை மண்சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் ஒரே ஒரு விண்ணப்பம்: 'டொய்ங்', 'ப்பூம்', காக்கா கத்துவது, இதெல்லாம் வேண்டாம். சிரிக்க வேண்டிய இடம் இது என்று மணி அடித்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பதில் வெட்டும் இடத்தை நாலு ஃபிரேம் முன்னே பின்னே தள்ளித் தள்ளிப் பாருங்கள், அதே காட்சி சிரிப்பாகவும் மாறும், செத்தும் போகும்.

இதெல்லாம் கொஞ்சம் கைவந்த பிறகு கோலாலம்பூருக்கு உதவி இயக்குநராகப் போகலாம். இந்தத் தொழில் ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது. பாக்யராஜ் 1977-இல் வந்த 16 வயதினிலேயில் பாரதிராஜாவிடம் உதவியாளர், 1979-இல் சுவரில்லாத சித்திரங்களைச் சொந்தமாக இயக்கிவிட்டார், அவரிடமிருந்து பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். நம் பக்கத்திலும் அப்படித்தான். 1950-இல் பக்தி படத்தில் பி.ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கிய இயக்குநர் எல்.கிருஷ்ணன் தமிழர்தான். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பாடகராக நுழைந்த பி.ரம்லி, இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிறகு தானே எழுதி, இயக்கி, நடிக்கிற ஆளாக மாறினார். உதவியாளராகப் போனால் கிளாப் அடிப்பது, கண்டினியூட்டி (ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் குறிப்பு) எழுதுவது, நடிகருக்குச் சாப்பாடு தாபாவ் பண்ணுவது என்று நாள் ஓடும். கண்டினியூட்டி வேலை கிடைத்தால் விடாதீர்கள், காட்சி எப்படித் துண்டு துண்டாக எடுக்கப்பட்டு ஒன்று சேர்கிறது என்பதை அந்தப் பேப்பர் கற்றுக்கொடுத்துவிடும். சம்பளம் எவ்வளவு, எந்த நாளில் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'படம் முடியட்டும் தம்பி, பாத்துக்கலாம்' என்பது தேதி ஆகாது.

வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று பலர் கேட்பது வழக்கம். வேண்டாம். கே.பாலசந்தர் சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் எழுதினார். கிரேசி மோகன் இயந்திரப் பொறியியல் படித்தவர், எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய நாடகத்தின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலை ஷிப்ட்டோ, பள்ளிக்கூட வேலையோ, ஒரு நிலையான வரவு இருந்தால்தான் மோசமான கதையை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு வரும். கல்யாண வீடியோ எடுப்பதையும் குறைவாக நினைக்காதீர்கள். கட்டளை போட முடியாத ஐந்நூறு பேருக்கு நடுவில் கேமராவை எங்கே வைப்பது என்று அது பழக்கிவிடும், கையில் நாலு வெள்ளியும் சேரும்.

தொலைக்காட்சிக்கு வருவோம். அஸ்ட்ரோ வானவில், விண்மீன், அரசு ஒளிபரப்பான ஆர்.டி.எம். இவைதான் தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வாசல்கள், தீபாவளி, பொங்கல் சமயத்து டெலிமூவிகளில் காமெடிக்கு எப்போதும் இடம் உண்டு. தனி ஆளாகப் போய்க் கதவைத் தட்டுவதைவிட ஃபினாஸ் என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உரிமம் உள்ள தயாரிப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து போவதுதான் நடைமுறை. ஒரு வரிக் கதை, ஒரு பக்கச் சுருக்கம், பாத்திரங்கள், முழுக் காட்சி ஒன்று, செலவுக் கணக்கு, இவற்றைத் தயாராக வையுங்கள். அந்த ஒரு முழுக் காட்சி முக்கியம். காமெடிக் கதையின் சுருக்கம் யாரையும் சிரிக்க வைக்காது, 'இரண்டு பேர் மாலை போடப் போட்டியிடுகிறார்கள்' என்று எழுதினால் அதில் என்ன தெரியும்? தீபாவளிக்கு வரவேண்டியது தீபாவளிக்கு முந்தின மாதம் முடிவாகாது, பல மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

கதை திருட்டுப் போகுமோ என்கிற பயம் எல்லாருக்கும் உண்டு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த உருவத்துக்குத்தான் பாதுகாப்பு, வெறும் எண்ணத்துக்குக் கிடையாது. டீக்கடையில் சொன்ன கதையை யாராவது எடுத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது, எழுதிய பக்கங்கள் இருந்தால் பேச இடமிருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் படைப்பைப் பதிந்துவைக்கலாம், 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. ஒப்பந்தம் வந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: பெயர் எப்படிப் போடுவார்கள், பணம் எத்தனை தவணை, இரண்டாம் பாகம் எடுத்தால் உங்களுக்கு என்ன பங்கு.

தியேட்டர் படம் கடைசி. தயாரிப்பு உரிமமும் படப்பிடிப்புக்கு எஸ்.பி.பி. என்கிற சான்றிதழும் 1981-இல் தொடங்கிய ஃபினாஸிடம், தணிக்கை உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியத்திடம். இனம், சமயம், அரசர்கள் என்று இந்த மூன்றில் கைவைக்கிற நகைச்சுவையை எழுதும்போதே இருமுறை யோசியுங்கள், எடுத்த பிறகு வெட்டினால் காட்சியின் கால் போய்விடும். சாமியாடியைக் கேலி செய்வதாக எண்ணி எழுதியது சாமியைக் கேலி செய்வதாகப் படும், அந்தக் கோடு மெல்லியது. செலவை எப்போதும் ஆள்தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். நாட்டில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு, அதில் தமிழ்ப் படத்துக்குத் தியேட்டர் போகிறவர்கள் இன்னும் குறைவு, டிக்கெட் காசில் பெரும்பங்கு அரங்குக்குப் போய்விடும். சென்னையில் பெரிய நடிகர் படம் வருகிற வாரத்தைத் தவிருங்கள். இதையெல்லாம் தாண்டியும் உள்ளூர்க் காமெடி நிற்கும் என்பதற்கு இயக்குநர் விமலா பெருமாள் இருக்கிறார், வெட்டிப் பசங்க 2014-இல், வெடிகுண்டு பசங்க 2018-இல், தன் ஆட்களையும் தன் சிரிப்பையும் விடாமல் வைத்துக்கொண்டு வந்தவர்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் மலாய் சப்டைட்டில் வேலை வரும். அதை அவசரத்துக்கு வேறு யாரிடமும் தள்ளிவிடாதீர்கள், எழுதியவரே உட்கார வேண்டும். வாசிக்கிறவர் எப்போதும் நடிகரைவிட வேகம். 'நான் மாலை வாங்கல... ரெண்டு வாங்கிருக்கேன்' என்பதை ஒரே அட்டையில், அதாவது திரையில் ஒரே நேரத்தில் தெரிகிற எழுத்தாகப் போட்டால், நடிகர் வாய் திறந்து நிற்கும்போதே அரங்கில் பாதிப் பேர் சிரித்து முடித்திருப்பார்கள், மீதிப் பேருக்கு வசனம் காதில் விழாது. முதல் பாதிக்கு ஓர் அட்டை, பிறகு அந்த மௌனத்துக்கு வெறும் திரை, 'ரெண்டு' என்று வாய் அசைகிற ஃபிரேமில் அடுத்த அட்டை.